கம்பங்களைப் பிடுங்குமுன்

வாரத் தியானம்
வாசிப்புப் பகுதி: எஸ்றா 3:10–13, சகரியா 8:3–5



கடந்த ஞாயிறு ஆராதனையின் முடிவில் வாசிக்கப்பட்ட அறிவிப்பை நீங்கள் கேட்டிருப்பீர்கள். ஆலயத்தின் பின்புறமுள்ள மைதானத்தில் திருமண மண்டபம் கட்டுவதற்காகச் சபைக் குழு தீட்டிய திட்டம், அடுத்த மாதம் கூடும் பொதுக்கூட்டத்தின் முன் வைக்கப்படவிருக்கிறது. அது ஏற்கப்பட்டால், கோடை விடுமுறை முடிந்ததும் மைதானம் மூடப்பட்டு, சுற்றிலும் வேலி அடைக்கப்படும். அந்தத் திட்டத்தில் முதலில் கையெழுத்திட்டவர்களில் நானும் ஒருவன். ஆகவே இன்று நான் எழுதுவதைப் பிறர்மேல் குறை கூறும் எழுத்தாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். என் கையெழுத்தைக் குறித்து நானே மறுபடியும் யோசித்ததன் விளைவு இது.

அன்று மாலை நம் சபையின் மூத்த சகோதரர் ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். அவர் 1990-களில் சிங்கப்பூரில் கப்பல் கட்டும் தளம் ஒன்றில் வெல்டிங் வேலை பார்த்தவர். ஊர் திரும்பிய பின்பு, பழைய போர்வெல் குழாய்களை வெட்டி இணைத்து, நம் மைதானத்தின் இரு முனைகளிலும் கோல் கம்பங்களை நட்டுக்கொடுத்தவர் அவரே. கூலி வாங்கவில்லை. வருஷத்துக்கு ஒருமுறை துரு சுரண்டி வெள்ளை வர்ணம் பூசுவதையும் அவரே செய்துவருகிறார். எதிர்ப்புத் தெரிவிக்க வந்திருப்பார் என்று எண்ணினேன். அவர் கேட்டது வேறு.

“ஐயா, கம்பங்களை நானே எடுத்துக் கொடுத்துவிடட்டுமா? தெரியாதவர்கள் பிடுங்கினால் வெல்டிங் விட்டுப்போகும்.”

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. தேநீர் குடித்துக்கொண்டே அவர் பேசிய பேச்சு முழுவதும் வேறொரு மைதானத்தைப் பற்றியதாக இருந்தது. அந்த மைதானத்தைப் பற்றித்தான் முதலில் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

சிங்கப்பூரின் காலாங் பகுதியில் 1973-ஆம் ஆண்டு ஜூலை 21-ஆம் நாள், அந்நாட்டின் பிரதமர் லீ குவான் யூ ஒரு தேசிய விளையாட்டரங்கத்தைத் திறந்துவைத்தார். ஏறக்குறைய 55,000 பேர் அமரக்கூடிய அரங்கம். நாடு சுதந்திரம் அடைந்து எட்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. கட்டுமானச் செலவில் பெரும்பங்கு லாட்டரிச் சீட்டு வருமானத்திலிருந்து வந்தது என்பதைக் கேட்டு உங்களில் சிலர் முகஞ்சுளிக்கலாம். எனக்கும் அது நெருடலாகவே இருந்தது. ஆயினும் அந்த அரங்கில் பின்னர் நடந்தவற்றைப் பார்க்கும்போது, மனிதர் எந்த நோக்கத்தோடு அஸ்திபாரம் போட்டாலும் தேவன் தம் நோக்கத்தை அதன்மேல் கட்டுகிறார் என்று சொல்லத் தோன்றுகிறது.

அங்கே கால்பந்து நடந்த இரவுகளில் எழுந்த ஆரவாரத்துக்கு ‘காலாங் முழக்கம்’ என்றே பெயர் வந்தது. மலேசிய மாநில அணிகளோடு சிங்கப்பூர் மோதிய மலேசியக் கிண்ணப் போட்டிகள்தாம் அந்த முழக்கத்தின் தாய்வீடு. சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் ஒரே பலகையில் தோளோடு தோள் உரச உட்கார்ந்து ஒரே அணிக்காகத் தொண்டை கிழியக் கத்தினார்கள். களத்திலும் அப்படியே. கோண உதையிலிருந்து பந்தை வளைத்து அனுப்புவதற்குப் பெயர்பெற்ற எஸ். ராஜகோபால் 1970-களில் ஆடினார். 1977-இல் மலேசியக் கிண்ணத்தை வென்ற அணியில் குவா கிம் சோங், டோலா காசிம், சமது அல்லாப்பிச்சை என்று மூன்று இனத்துப் பெயர்களும் அடுத்தடுத்து வருகின்றன. பின்னாளில் வி. சுந்தரமூர்த்தி வந்தார். 1993-இல் புருணை அணிக்கு எதிராக, வானத்தைப் பார்த்தபடி உடலைத் தூக்கி எறிந்து, தலைக்குமேல் பின்புறமாக உதைத்து அவர் அடித்த கோலை நம் சகோதரர் என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தபடியே நடித்துக் காட்டினார். அறுபதைக் கடந்தவர், கால் மேசையில் இடித்துவிட்டது; அவர் கவனிக்கவில்லை.

“அந்த நாட்டில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, ஐயா. அட்டையில் ஒரு எண், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பலகையில் உட்கார்ந்தால், பக்கத்தில் இருக்கிற சீனத் தாத்தா கோல் விழுந்ததும் என்னைக் கட்டிப்பிடிப்பார். சுந்தரமூர்த்தி உன் ஊரா என்று கேட்பார். ஆமாம் என்று சொல்லிவிடுவேன்.”

அந்தச் சிறிய பொய்யை நான் கண்டிக்கவில்லை.

அதே அரங்கத்துக்கு நம்மைப் போன்றவர்களின் நினைவிலும் ஓர் இடம் உண்டு. 1978 டிசம்பரில் பில்லி கிரஹாம் ஐந்து நாட்கள் நற்செய்திக் கூட்டங்களை நடத்தியது அங்கேதான். 1986 நவம்பர் 20-ஆம் நாள் போப் இரண்டாம் ஜான் பால் திருப்பலி நிறைவேற்றியதும் அங்கேதான். தேசிய நாள் அணிவகுப்புகளும் பலமுறை அங்கே நடந்தன. கோலுக்காக எழுந்து நின்ற அதே பலகைகளுக்கு நடுவே ஜனங்கள் ஜெபத்துக்காகவும் எழுந்து நின்றார்கள். ஒரு மைதானம் எதற்கென்று கட்டப்படுகிறதோ அதைக் காட்டிலும் அதிகமானதை அது சுமக்கிறது.

2007 ஜூன் 30-ஆம் நாள் அந்த அரங்கத்துக்கு விடைகொடுத்தார்கள். அன்று ஆஸ்திரேலிய அணியோடு நடந்த ஆட்டத்தில் சிங்கப்பூர் 0–3 என்று தோற்றது. தோல்வியோடுதான் விடைபெற்றார்கள், ஆனாலும் ஜனங்கள் வந்து நிறைந்திருந்தார்கள். அதன்பின் வேலைகள் தாமதமாகி, 2010-இல்தான் இடிக்கத் தொடங்கினார்கள். அதே இடத்தில் திறந்து மூடும் கூரையோடு புதிய அரங்கம் 2014-இல் திறக்கப்பட்டது. பழைய அரங்கின் மர இருக்கைப் பலகைகளில் ஒரு பகுதியை எரித்துவிடாமல் காத்து, நகரத்தின் பொது இடங்களில் உட்காரும் பெஞ்சுகளாக ஆக்கினார்கள். அந்தச் செய்தியைச் சொல்லும்போதுதான் நம் சகோதரரின் குரல் இறங்கியது. “அவர்கள் பலகையைக்கூட வைத்துக்கொண்டார்கள், ஐயா” என்றார். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. கம்பங்களைப் பற்றி அவர் ஏன் கேட்டார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

அன்பானவர்களே, பழைய இடத்தை நினைத்து அழுவது விசுவாசக் குறைவா? நம்மில் பலர் அப்படித்தான் போதிக்கப்பட்டிருக்கிறோம். பின்திரும்பிப் பார்த்த லோத்தின் மனைவியை உடனே நினைவுக்குக் கொண்டுவருகிறோம். ஆனால் எஸ்றாவின் மூன்றாம் அதிகாரத்தை வாசியுங்கள். பாபிலோனிலிருந்து திரும்பிவந்த ஜனங்கள் இரண்டாம் ஆலயத்துக்கு அஸ்திபாரம் போடுகிறார்கள். ஆசாரியர் உடை தரித்து எக்காளம் ஊதுகிறார்கள். லேவியர் கைத்தாளங்களோடு துதிக்கிறார்கள். அந்த நேரத்தில், முதல் ஆலயத்தைத் தங்கள் கண்களால் கண்டிருந்த முதியவர்கள் வாய்விட்டு அழுகிறார்கள். இளையவர்கள் மகிழ்ச்சியால் ஆர்ப்பரிக்கிறார்கள். எது அழுகை, எது ஆர்ப்பரிப்பு என்று பிரித்தறிய முடியாதபடி இரண்டும் கலந்து வெகுதூரம் கேட்டதாக வேதம் சொல்லுகிறது.

அங்கே ஒருவரும் அந்த முதியவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. புதிய வேலையைத் தடுக்கிறீர்கள் என்று சொல்லவில்லை. அவர்களின் அழுகையும் ஆராதனையின் சத்தத்துக்குள்ளேயே சேர்த்துக்கொள்ளப்பட்டது. ஒரு சபை முதிர்ச்சியடைந்த சபை என்பதற்கு அதுவே அடையாளம். நாமோ அறிவிப்பை வாசித்தோம், “யாருக்காவது ஆட்சேபம் உண்டா?” என்று கேட்டோம், அடுத்த பாட்டின் எண்ணைச் சொன்னோம். அழுவதற்கு ஒரு நிமிஷம்கூடக் கொடுக்கவில்லை.

ஆயினும் வேதம் அழுகையோடு நின்றுவிடுவதில்லை. அதே காலத்தில், அதே எருசலேமின் இடிபாடுகளுக்கு நடுவே நின்று தீர்க்கதரிசனம் உரைத்தவர் சகரியா. கர்த்தர் சீயோனுக்குத் திரும்பிவந்து அங்கே வாசம்பண்ணும் நாள் எப்படி இருக்கும் என்று எட்டாம் அதிகாரத்தில் அவர் விவரிக்கிறார். பொற்கோபுரங்களை நாம் எதிர்பார்ப்போம். அவர் காட்டுவது இரண்டே காட்சிகள். வயதின் மிகுதியால் கையில் கோல் ஊன்றிய கிழவர்களும் கிழவிகளும் வீதிகளில் உட்கார்ந்திருப்பார்கள். அந்த வீதிகளில் ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் நிறைந்து விளையாடிக்கொண்டிருப்பார்கள்.

இதை எத்தனை முறை வாசித்துக் கடந்துபோயிருக்கிறேன்! பட்டணம் தேவனுடையது என்பதற்கு அடையாளமாகப் பிள்ளைகளின் விளையாட்டைக் கர்த்தர் காட்டுகிறார். பயம் நீங்கிய இடத்தில்தான் பிள்ளைகள் வெளியே வந்து விளையாடுவார்கள். முதியவர்கள் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க ஓர் ஓரமும் அங்கே இருக்கும். போதகர்களாகிய நாங்கள் விளையாட்டைப் பிரசங்கத்துக்கு உவமையாக மட்டுமே பயன்படுத்திப் பழகிவிட்டோம். பவுலின் பந்தய ஓட்டத்தைச் சொல்லுகிறோம், கிரீடத்தைச் சொல்லுகிறோம், பிள்ளைகள் ஓட ஓர் இடம் வேண்டும் என்பதைச் சொல்லுவதில்லை. நம் ஆண்டவரோ சந்தைவெளியில் உட்கார்ந்து கல்யாண விளையாட்டும் சாவு விளையாட்டும் ஆடிய பிள்ளைகளைக் கவனித்திருந்தார். அவர்கள் சண்டையிட்டுக்கொண்டதும் அவருக்குத் தெரிந்திருந்தது. மத்தேயு பதினொன்றாம் அதிகாரத்தில் அதைக் காண்பீர்கள்.

இந்த இடத்தில் இன்னொரு மைதானத்தைக் குறிப்பிட அனுமதியுங்கள். இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்தில் செயின்ட் டொமிங்கோ என்ற மெதடிஸ்ட் சபை இருந்தது. கோடையில் கிரிக்கெட் ஆடிவந்த அந்தச் சபையின் வாலிபர்கள் குளிர்காலத்திலும் விளையாட ஏதாவது வேண்டும் என்று 1878-இல் கால்பந்து அணி ஒன்றைத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு அதற்கு எவர்டன் என்று பெயர் மாறியது. 1892-இல் அந்த அணி குடியேறிய மைதானம் குடிசன் பார்க். அதன் ஒரு மூலையில், பார்வையாளர் மேடைகளுக்கு இடையே, செயின்ட் லூக் ஆலயம் ஒட்டினாற்போல் நிற்கிறது. ஆலயமும் மைதானமும் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அண்டைவீட்டாராக வாழ்ந்தன. ஆட்டம் பார்க்க வந்தவர்களுக்கு ஆலயக் கூடத்தில் தேநீர் கொடுத்தார்கள். இறந்துபோன நூற்றுக்கணக்கான ரசிகர்களின் அஸ்தி அந்தக் களத்தின் ஓரங்களில் புதைக்கப்பட்டிருக்கிறது.

2025 மே 18-ஆம் நாள் எவர்டன் ஆண்கள் அணி தன் கடைசி ஆட்டத்தை அங்கே ஆடி, சவுத்தாம்ப்டன் அணியை 2–0 என்று வென்று, ஆற்றங்கரையிலுள்ள புதிய அரங்கத்துக்குப் புறப்பட்டது. பழைய மைதானத்தை இடித்துவிடுவது என்றுதான் நெடுநாளாகத் திட்டம். கடைசி ஆட்டத்துக்குச் சில நாட்கள் முன்பு அந்த முடிவு மாறியது. குடிசன் பார்க் இடிக்கப்படாது. எவர்டன் பெண்கள் அணியின் சொந்த மைதானமாக அது தொடரும் என்று அறிவித்தார்கள். கையெழுத்தான திட்டங்களும் மாறக்கூடும் என்பதை அந்தச் செய்தியிலிருந்து நான் எடுத்துக்கொண்டேன்.

இனி நம் ஊருக்கு வருவோம்.

மேல்மலையனூரில் பிள்ளைகள் ஓடியாடுவதற்கு எத்தனை இடங்கள் மிஞ்சியிருக்கின்றன என்று எண்ணிப்பாருங்கள். அமாவாசை நாட்களில் அங்காளம்மன் கோயிலுக்கு வரும் ஜனத்திரளால் ஊரும் வெளியும் வாகனங்களால் நிறைந்துவிடும். முன்பு வெறுமனே கிடந்த புறம்போக்குகளும் மனைகளும் ஒவ்வொன்றாக வேலிக்குள் போய்விட்டன. ஆகவே மாலை நாலரை மணிக்கு நம் மைதானத்துக்கு வருகிற பிள்ளைகள் நம் சபைப் பிள்ளைகள் மட்டுமல்லர். இந்து வீட்டுப் பிள்ளைகளும் முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகளும் அதே பந்துக்குப் பின்னால் ஓடுகிறார்கள். நம் ஆலயத்தின் முன்வாசலுக்குள் ஒருநாளும் வராதவர்கள் பின்வாசல் வழியாகத் தினமும் வருகிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு ‘கிறிஸ்தவர்கள்’ என்றால் யார்? தங்களை விரட்டாமல் விளையாடவிட்டவர்கள். அதைவிடச் சிறந்த சாட்சி நம்மிடம் எது இருக்கிறது என்று நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

செஞ்சிக்கோட்டையை எண்ணிப்பாருங்கள். 2025 ஜூலையில் மராட்டிய இராணுவ நிலப்பரப்புகளின் பன்னிரண்டு கோட்டைகளில் ஒன்றாக அது யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. நாம் யாவரும் மகிழ்ந்தோம். கல்லுக்குச் சட்டம் காவல் நிற்கிறது. ஒருவரும் அதிலிருந்து ஒரு செங்கல்லைப் பெயர்க்க முடியாது. வெறும் மண்ணாகக் கிடக்கும் மைதானத்துக்கு அப்படிப்பட்ட காவல் இல்லை. அதன்மேல் ஒன்றும் கட்டப்படாததால் அங்கே ஒன்றும் இல்லை என்று நாம் எண்ணிவிடுகிறோம். ஆனால் அதே கோட்டைக்குள் ராஜகிரியின் அடிவாரத்தில் நடந்து பாருங்கள். அடுக்கடுக்காக உயர்ந்து நிற்கும் கல்யாண மகாலைக் காண்பீர்கள். அதே வளாகத்தில் வீரர்கள் உடலைப் பழக்கிய உடற்பயிற்சிக் கூடமும் உண்டு. கோட்டை கட்டிய அரசர்கள்கூட மண்டபத்துக்காகப் பயிற்சிக்களத்தைத் தின்றுவிடவில்லை. இரண்டுக்கும் இடம் கண்டார்கள்.

மண்டபம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதன் அவசியத்தை உங்களைவிட நான் நன்றாக அறிவேன். மகளின் திருமணத்துக்காக மண்டப வாடகை கட்ட நகையை அடகுவைத்த தகப்பன்மார் என் முன்னே உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள். நம் சபைக்கென்று ஒரு மண்டபம் இருந்தால் ஏழைக் குடும்பங்களுக்குக் குறைந்த கட்டணத்தில் கொடுக்கலாம். வெளியாருக்கு விடும் வாடகையால் ஆலயப் பராமரிப்பும் விதவைகள் உதவி நிதியும் நடக்கும். சபைக் குழுவில் இருக்கும் சகோதரர்கள் சுயநலத்துக்காக இதை நினைக்கவில்லை, ஜெபத்தோடுதான் நினைத்தார்கள்.

மைதானத்தைப் பற்றிய குறைகளும் உண்மையானவையே. உபவாச ஜெபத்தின் நடுவே கூச்சல் கேட்கிறது. இரண்டு முறை ஜன்னல் கண்ணாடி உடைந்தது. இருட்டிய பின்பு சிலர் அங்கே உட்கார்ந்து குடிக்கிறார்கள். காலையில் பாட்டில்களைப் பொறுக்குவது ஆலயப் பணியாளரின் வேலையாகிவிட்டது. ஆனால் குடிப்பவர்கள் வருவது பிள்ளைகள் வீடு திரும்பிய பின்புதான். பிள்ளைகள் இருக்கும்வரை அவர்கள் அங்கே எட்டிப்பார்ப்பதில்லை. அப்படியென்றால், மைதானத்தைக் காப்பது எது என்று நாம் கேட்க வேண்டும். ஒரு விளக்குக் கம்பமும், எட்டு மணிக்குப் பூட்டப்படும் ஒரு வாயிலும் போதும் என்பது என் கணிப்பு.

நான் கவலைப்படுவது மண்டபத்தின் இடத்தைப் பற்றி மட்டுமே. இப்போதைய வரைபடத்தில் மண்டபம் மைதானத்தின் நடுவில் நிற்கிறது; அதைச் சுற்றி நான்கு பக்கமும் வாகனங்களுக்கான சிமெண்டுத் தளம். அதையே சாலையை ஒட்டிய தெற்கு மூலைக்கு நகர்த்தினால் என்ன? சாப்பாட்டுக் கூடத்தைப் பக்கத்தில் பரப்பாமல் மேல்தளத்தில் வைக்கலாம். மீதமுள்ள நிலம் மண்ணாகவே இருக்கட்டும். திருமண நாட்களில் அங்கே வாகனங்கள் நிற்கட்டும். லெந்து நாட்களில் நம் சபையில் திருமணம் இல்லை. மற்ற மாதங்களிலும் எத்தனை நாட்கள் மண்டபம் நிறையும்? மற்ற நாட்களின் மாலைகள் யாவும் பிள்ளைகளுக்கு. வாகனம் நிற்பதற்கென்று ஒரு நிலத்தை வருஷம் முழுவதும் சும்மா வைத்திருப்பதைவிட, விளையாடும் நிலத்தில் சில நாட்கள் வாகனம் நிறுத்துவது நல்ல உக்கிராணத்துவம் என்று எனக்குத் தோன்றுகிறது. படிக்கட்டுக்காகச் செலவு கொஞ்சம் கூடும். அந்தக் கூடுதல் தொகையில் முதல் காணிக்கையாக என் ஒருமாத ஊதியத்தைக் கொடுக்க ஆயத்தமாயிருக்கிறேன்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மைதானத்தைப் பற்றி நம் சபை ஆண்கள் என்னிடம் எத்தனையோ இனிய நினைவுகளைச் சொல்லியிருக்கிறார்கள். மழை பெய்த சேற்றில் ஆடிய ஆட்டங்கள், பந்துக்குள் இருக்கும் ரப்பர்ப்பையைச் சைக்கிள் கடையில் ஒட்டுப்போட்டு வாங்கிய நாட்கள், கிறிஸ்துமஸ் மறுநாள் திருமணமானவர்களுக்கும் ஆகாதவர்களுக்கும் நடந்த போட்டி. ஆனால் நம் சபைச் சகோதரிகளில் ஒருவர்கூட அப்படி ஒரு நினைவைச் சொன்னதில்லை. நான் இங்கே வந்த நாள்முதல் அந்தக் களத்தில் ஒரு பெண்பிள்ளை பந்தை உதைத்து நான் கண்டதில்லை. சகரியா கண்ட வீதியிலோ பெண்பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களை விட்டுவிட்டு நம் பழைய நாட்களைப் போற்றினால், பாதி நினைவைத்தான் போற்றுகிறோம். ஆகவே மைதானம் காக்கப்படுமானால், வாரத்தில் இரண்டு மாலைகள் பெண்பிள்ளைகளுக்கு என்று எழுதிவைப்போம். அன்று ஓரத்துப் பெஞ்சில் அவர்களின் தாய்மாரும் பாட்டிமாரும் உட்கார்ந்திருக்கட்டும். முதியோர் உட்கார்ந்திருக்க, பிள்ளைகள் விளையாடுவது என்று தீர்க்கதரிசி சொன்னது அப்படியே நிறைவேறும்.

பொதுக்கூட்டத்தில் நீங்கள் என் கருத்துக்கு எதிராக வாக்களிக்கக்கூடும். அதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு; போதகரின் கருத்து என்பதற்காக யாரும் கையைத் தூக்க வேண்டாம். அப்படி மைதானம் மூடப்படுமானால், இரண்டு காரியங்களையாவது செய்வோம் என்று கேட்டுக்கொள்கிறேன். பிள்ளைகளுக்கு வேறோர் இடத்தைக் கண்டு கொடுத்த பின்பே வேலி அடைப்போம். கடைசி நாளில் ஓர் ஆட்டம் ஆடுவோம். அழ விரும்புகிறவர்கள் அழட்டும், ஆர்ப்பரிக்க விரும்புகிறவர்கள் ஆர்ப்பரிக்கட்டும். யோர்தானைக் கடந்தவர்கள் நதியின் நடுவிலிருந்து பன்னிரண்டு கற்களை எடுத்துவந்து நாட்டினார்கள். பிற்காலத்தில் பிள்ளைகள் கேட்டால் சொல்லுவதற்காக. சிங்கப்பூரார் பலகைகளை வைத்துக்கொண்டார்கள். நாமும் அந்தக் குழாய்க் கம்பங்களைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுவிட வேண்டாம்.

சகோதரருக்கு அன்று நான் சொன்ன பதில் இதுதான்: “பொதுக்கூட்டம் முடியும்வரை கம்பங்களைத் தொடாதீர்கள்.” அவர் சரி என்று தலையசைத்துப் போனார். இந்த வாரம் வியாழக்கிழமை மாலை மைதானப் பக்கம் போனேன். வடக்குக் கம்பத்தின் அடியில் ஒரு சிறிய டப்பாவும் தூரிகையும் இருந்தன. இந்த வருஷத்து வெள்ளை வர்ணத்தை அவர் பூசிக்கொண்டிருந்தார். மூடப்படவிருக்கும் மைதானத்தில் ஏன் வீணாகச் செலவு என்று நான் கேட்கவில்லை. எரேமியா சிறைக்காவலில் இருந்தபோது, சத்துருக்கள் சூழ்ந்த தேசத்தில் ஒரு நிலத்தை விலைக்கு வாங்கினதை நான் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். அன்று அதைக் கண்ணால் பார்த்தேன்.

இந்த வாரத்தில் உங்கள் தனிஜெபத்தில் தியானிக்க மூன்று கேள்விகளை வைக்கிறேன்:

நான் பிள்ளையாக இருந்தபோது எனக்கு ஓடியாட இடம் கொடுத்தவர் யார்? அவருக்காகத் தேவனுக்கு நன்றி சொல்லியிருக்கிறேனா?

என் வீட்டுக்கு அருகே விளையாடும் பிள்ளைகள், என்னைக் கண்டதும் பந்தை எடுத்துக்கொண்டு ஓடுகிறார்களா, அருகே வருகிறார்களா?

நம் சபை கட்ட நினைக்கும் எந்தக் கட்டடமும், சகரியா கண்ட பட்டணத்துக்கு நம்மை அருகில் கொண்டுபோகிறதா?

ஜெபிப்போம்.

பிள்ளைகளைத் தம்மிடம் வரவிடச் சொன்ன ஆண்டவரே, எங்கள் ஊரின் பிள்ளைகள் எல்லாரும் உம்முடையவர்கள். கட்டவும் காக்கவும் எங்களுக்கு ஞானத்தைத் தாரும். எங்கள் முதியவர்களின் கண்ணீரையும் இளையவர்களின் ஆர்ப்பரிப்பையும் ஒரே ஸ்தோத்திரமாக ஏற்றுக்கொள்ளும். பொதுக்கூட்டத்தில் ஒருவரையொருவர் கனம்பண்ணிப் பேச எங்கள் நாவுகளைக் காத்துக்கொள்ளும். எங்கள் வீதிகள் ஆண்பிள்ளைகளாலும் பெண்பிள்ளைகளாலும் நிறையும்படி செய்யும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்